நாய்க்குத் துணையாக ஒரு யந்திரம்

உலகம் அழிந்து போவதை மேல்நாட்டுச் சினிமாக்காரர்கள் இதுவரை எத்தனை தடவை காட்டியிருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது கஷ்டம். வால் நட்சத்திரம் மோதி ஒரு தடவை அழிந்தது. கடல் பொங்கி ஒரு தடவை. பனி மூடி ஒரு தடவை. கொள்ளை நோய் பரவி ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நியூயார்க் நகரத்து மாடிக் கட்டிடங்கள் மணல் வீடுகளைப் போல் சரியும். ஜனங்கள் கூக்குரலிட்டுக்கொண்டு ஓடுவார்கள். கதாநாயகர் மட்டும் குடும்ப சகிதமாகத் தப்பிப் பிழைப்பார். அழிவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது வசூல்.

2021-ஆம் வருஷம் நவம்பர் மாதம் வெளிவந்த “ஃபின்ச்” என்னும் அமெரிக்கப் படம் இந்த ராஜபாட்டையில் போகவில்லை. இதில் கட்டிடம் எதுவும் நம் கண் முன்னால் சரிவதில்லை. படம் ஆரம்பிப்பதற்கு வெகு காலம் முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பவர்கள் ஒரு மனிதர், ஒரு நாய், அந்த மனிதர் தம் கையாலேயே செய்த யந்திரங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இவர்களை வைத்துக்கொண்டே கதையை நடத்திவிடுகிறார் டைரக்டர் மிகேல் ஸபோச்னிக். படம் கொட்டகைகளுக்கென்று தயாரிக்கப்பட்டு, கடைசியில் ஆப்பிள் கம்பெனியாரின் ஒளிபரப்பு மூலம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.

கதாநாயகராக நடிப்பவர் டாம் ஹாங்க்ஸ். தனிமையில் பேச்சுத் துணை தேடுவது இவருக்குப் புதிதல்ல. 2000-ஆம் வருஷத்தில் வந்த “காஸ்ட் அவே” படத்தில், ஆளில்லாத தீவில் அகப்பட்டுக்கொண்டு, ஒரு பந்துக்கு முகம் வரைந்து அதனுடன் நாள்தோறும் பேசிக் கொண்டிருந்தார். அந்தப் பந்து கடலில் மிதந்து போனபோது பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். பந்துக்கே அழ வைத்தவருக்கு யந்திரம் எம்மாத்திரம்?

இந்த அமெரிக்கக் கதையைத் தேனிச் சீமையில் உட்கார்ந்துகொண்டு நாம் ஏன் பேச வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். படத்தைப் பார்த்து முடித்தபோது நம் மனத்தில் நின்றது அமெரிக்கப் பாலைவனம் அல்ல. கம்பம் பள்ளத்தாக்கின் மாட்டுத் தொழுக்கள். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

சூரியனிலிருந்து கிளம்பிய ஒரு பெருஞ் சுடர் பூமியின் ஓஸோன் படலத்தைப் பொசுக்கிவிட்டது. பகலில் வெளியே தலை காட்டினால் தோல் வெந்துவிடும். பயிர் இல்லை, பச்சை இல்லை, ஊர் இல்லை. யந்திர நிபுணரான ஃபின்ச் என்பவர், ஸெயின்ட் லூயிஸ் நகரில் தாம் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் நிலவறையிலேயே குடியிருக்கிறார். பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு பாழடைந்த கடைகளில் புகுந்து டப்பா உணவு தேடுகிறார். டூயி என்ற பெயருள்ள ஒரு சின்னஞ் சிறு சக்கர யந்திரம் அவருக்கு எடுபிடி. வீட்டில் காத்திருப்பது ஒரு நாய்.

ஃபின்ச்சின் உடம்பில் கதிர் வீச்சு ஏறிவிட்டது. இருமினால் ரத்தம் வருகிறது. இன்னும் எத்தனை நாள் என்பது அவருக்கே தெரியாது. தம்மைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ‘நான் போன பிறகு இந்த வாயில்லாப் பிராணிக்குச் சோறு வைப்பது யார்?’ என்பதுதான் கவலை. அதற்காகவே ஒரு யந்திர மனிதனைச் செய்கிறார். மனிதர்களுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பது போன்ற விதிகளை அதன் மூளையில் பதிக்கிறார். கூடவே, தாம் இல்லாத காலத்தில் நாயைக் காப்பதுதான் மற்ற எல்லா விதிகளுக்கும் மேலான விதி என்றும் பதித்துவிடுகிறார். புஸ்தகம் புஸ்தகமாக அதற்குள் ஏற்றுகிறார். நூற்றுக்கு 72 பங்குதான் ஏறியிருக்கும்போது, நாற்பது நாள் நீடிக்கக்கூடிய பெரும் புயல் அந்தப் பக்கம் திரும்புவது தெரியவருகிறது. அரைகுறைப் படிப்போடு யந்திரத்தை எழுப்பி, பழைய மோட்டார் வண்டி ஒன்றில் நாயையும் ஏற்றிக்கொண்டு, ஸான் பிரான்ஸிஸ்கோவை நோக்கி மேற்கே புறப்படுகிறார்.

கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் வழிப்பயணம்.

சூரியன் இப்படிச் செய்யுமா என்று முதலில் பார்த்துவிடலாம். 1859-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சூரியனில் எழுந்த ஒரு பெருஞ் சீற்றத்தினால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தாமாகவே மின்சாரம் பாய்ந்தது. தந்தி அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதிர்ச்சி ஏற்பட்டது. பம்பாய்க் கொலாபா ஆராய்ச்சி நிலையத்துக் காந்த ஊசி கூட அன்று கிடுகிடுவென்று ஆடியதற்குக் குறிப்பு இருக்கிறது. அதே மாதிரி இன்று நடந்தால் மின்சாரமும் தொலைபேசியும் பெருந் தொல்லைக்கு உள்ளாகும் என்பது நிச்சயம். ஆனால் ஓஸோன் படலம் அடியோடு எரிந்து போய், பல வருஷங்களுக்குப் பூமியே அடுப்பாகிவிடும் என்பது கதாசிரியர்களின் தாராள மனப்பான்மை. ஓஸோனுக்கு உண்மையில் ஆபத்து விளைவித்தவர்கள் நாம்தான். அண்டார்க்டிகாவுக்கு மேலே அதில் பள்ளம் விழுந்திருப்பதை 1985-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்; குளிர்சாதனப் பெட்டிகளில் அடைத்த வாயுக்களே காரணம் என்று தெளிவாயிற்று. 1987-இல் மான்ட்ரீல் நகரத்தில் தேசங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்பின் அந்தப் புண் மெல்ல மெல்ல ஆறி வருகிறது. சினிமாக்காரர்களுக்கு ஆறும் புண்ணில் அவ்வளவாகச் சுவாரஸ்யம் இல்லை போலும்.

சூரியனைக் கண்காணிக்கும் ஸ்தலம் ஒன்று நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. பெரியகுளத்தில் நின்று வடக்கே அண்ணாந்து பார்த்தால் தெரிகிறதே பழனி மலைத் தொடர், அதன் மேல் கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையம் 1899-இல் ஸ்தாபிக்கப்பட்டது. சூரியனிலுள்ள கரும்புள்ளிகளில் வாயுக்கள் எவ்விதம் ஓடுகின்றன என்பதை 1909-இல் எவர்ஷெட் என்பவர் அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே அது உலகெங்கும் வழங்குகிறது. சூரியனைப் பார்க்க 2023-இல் இந்தியா அனுப்பிய ஆதித்யா விண்கலத்தின் முக்கியமான கருவியைச் செய்து கொடுத்ததும், இந்தக் கொடைக்கானல் நிலையத்தை நடத்தி வரும் அதே விஞ்ஞானக் கழகம்தான்.

அந்த நிலையம் ஏன் ஏற்பட்டது என்பதுதான் நம் கதைக்கு வேண்டிய விஷயம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சம் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நம் பாட்டிமார் வாயில் வெகு காலம் வழங்கி வந்தது. மழை பொய்த்தது. நிவாரண வேலைக்கு வந்த ஜனங்களுக்குக் கொடுக்கும் கூலியையும் குறைக்கச் சொன்னார் ஸர் ரிச்சர்டு டெம்பிள் என்ற துரை. நாள் முழுதும் கல் உடைத்த ஒருவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்பது அவர் கண்டுபிடிப்பு! லட்சக்கணக்கானவர்கள் மாண்டு போனார்கள். மழைக்கும் சூரியனுக்கும் உள்ள சம்பந்தத்தை அறிந்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் என்ற எண்ணம் அந்தச் சாவுகளிலிருந்து பிறந்தது. அந்த எண்ணத்தின் விளைவுதான் மலை மேல் நிற்கும் தொலைநோக்கி.

ஆகவே, சூரியன் பொசுக்கிய உலகம் என்று ஒரு படம் காட்டினால் கம்பம் பள்ளத்தாக்கு அதை வேடிக்கைக் கதையாக எடுத்துக்கொள்ளாது. இந்தப் பள்ளத்தாக்கு ஒரு தடவை அழிவைப் பார்த்துப் பிழைத்து எழுந்தது. மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணை போட்டு நிறுத்தி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1895-இல் தண்ணீர் வந்தது. இன்று கூடலூர் முதல் கீழே 14,707 ஏக்கர் இரு போகம் நெல் விளையும் பூமி என்று கணக்குச் சொல்கிறார்கள். அணையைக் கட்டிய பென்னிகுயிக் துரையின் படம் இங்குள்ள வீடுகளில் மாட்டியிருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். பரதேசத்து என்ஜினீயர் ஒருவர் உயிரற்ற கல்லையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கட்டிய ஒரு சாதனத்தின் மேல் ஒரு சீமை முழுவதும் இத்தனை பாசம் வைத்திருக்கிறது. யந்திரத்தின் மேல் மனிதனுக்கு அன்பு உண்டாகுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒரு தைப் பொங்கலுக்கு இந்தப் பக்கம் வந்து பார்க்கலாம்.

தண்ணீர் கொடுத்த அணையும் உண்டு. ஊரை விழுங்கிய அணையும் உண்டு. 1959 ஜனவரியில் காமராஜர் திறந்து வைத்த வைகை அணையினால் எத்தனையோ வயல்கள் செழித்தன. அதன் தேக்கத்துக்குள் சில கிராமங்கள் மூழ்கியும் போயின. அவ்விதம் ஊர் இழந்து வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் ஒன்றில் பிறந்த பிள்ளைதான் பின்னால் கவிஞர் வைரமுத்து. ஊர் மூழ்கிய கதையை அவர் “கள்ளிக்காட்டு இதிகாசம்” என்று எழுதி, 2003-ஆம் வருஷத்துக்குரிய சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றார். பிறகு எழுதிய “மூன்றாம் உலகப் போர்” நாவலில் பூமி சூடேறுவதையும் விவசாயி வீழ்வதையும் எடுத்துக்கொண்டார். உலகம் அழிவதைக் கற்பனை செய்யத் தேனி ஜில்லாக்காரருக்கு வால் நட்சத்திரம் தேவைப்படவில்லை. தண்ணீர் அதிகமானாலும் அழிவு, குறைந்தாலும் அழிவு என்பது அவருக்குத் தெரியும்.

அதே வைரமுத்துதான் 2010-இல் வந்த “எந்திரன்” படத்தின் யந்திர மனிதனுக்கும் பாட்டு எழுதினார் என்பது வேடிக்கையான பொருத்தம். இனி யந்திர மனிதர்களைப் பற்றிப் பார்க்கலாம்.

‘ரோபோ’ என்று இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடச் சொல்லும் வார்த்தை 1920-இல் செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாபெக் எழுதிய ஒரு நாடகத்தில் பிறந்தது. வார்த்தையைக் கொடுத்தவர் அவருடைய சகோதரர் யோசெப். அவர்கள் பாஷையில் ‘ரோபோட்டா’ என்றால் ஜமீன்தாருக்குக் கூலியில்லாமல் செய்யும் வெட்டி வேலை. அந்த நாடகத்தில் யந்திரங்கள் கிளர்ச்சி செய்து மனித குலத்தையே தீர்த்துவிடுகின்றன. ஒரே ஒருவரை மட்டும் உயிரோடு விடுகின்றன. அவர் தங்களைப் போலவே கையால் வேலை செய்கிறவர் என்பதற்காக! அதற்குப் பின் வந்த நூறு வருஷக் கதைகளில் பெரும்பாலானவை இந்தக் கிளர்ச்சியையே திருப்பித் திருப்பிச் சொல்கின்றன.

தமிழில் இந்தத் தடத்தை முதலில் நயமாகத் திருப்பியவர் எழுத்தாளர் சுஜாதா. அவரே ஒரு மின்னணு என்ஜினீயர்; பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உத்தியோகம் பார்த்தவர். 1980-களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்த அவருடைய “என் இனிய இயந்திரா”வில், ஏறக்குறைய நாம் இப்போது வாழும் காலத்தை எதிர்காலமாக வைத்துக் கதை எழுதினார். பிள்ளை பெறுவதற்குக்கூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அந்த இருண்ட ராஜ்யத்தில் நிலா என்ற பெண்ணுக்கு ஆதரவாக நிற்பது ஜீனோ என்னும் யந்திர நாய். அது புஸ்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, மனிதர்களைக் காட்டிலும் சாமர்த்தியமாகப் பேசுகிறது. மனிதன் கைவிட்ட இடத்தில் யந்திரம் கைகொடுக்கிறது. ஃபின்ச் கதையில் நாய்க்கு யந்திரம் துணை என்றால், சுஜாதா நாயையே யந்திரமாக்கி மனுஷிக்குத் துணையாக்கிவிட்டார்!

“எந்திரன்” வேறு ரகம். அதற்கும் வசனம் எழுதியவர்களில் சுஜாதா ஒருவர். படம் வெளிவருவதற்கு முன்பே, 2008-இல் காலமாகிவிட்டார். சிட்டி என்ற யந்திரம் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டு, உணர்ச்சி ஊட்டப்பட்டவுடன் காதலில் விழுந்து, செய்தவருக்கே விரோதியாகிறது. கடைசியில் அதைப் பாகம் பாகமாகக் கழற்றிக் காட்சிசாலையில் வைத்துவிடுகிறார்கள். படம் பிரமாதம்தான், பொழுது போவதே தெரியாது. ஆனால் அதில் யந்திரம் நம்முடைய துணையாக இருக்கும் நேரம் சொற்பம். சாபெக்கின் கிளர்ச்சிதான் ரஜினிகாந்த் உருவில் திரும்பி வந்தது.

நம் அபிப்பிராயத்தில், ஃபின்ச்சுக்கு மிக நெருங்கிய உறவு தமிழில் அல்ல, மலைக்கு அப்பால் மலையாளத்தில் இருக்கிறது. 2019-இல் ரதீஷ் பாலகிருஷ்ண பொதுவாள் டைரக்ட் செய்த “ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்” அந்தப் படம். வடக்குக் கேரளத்துக் கிராமம் ஒன்றில் வயோதிகத் தகப்பனார் தனியே இருக்கிறார். மகன் என்ஜினீயர், உத்தியோகம் வெளிநாட்டில். வீட்டோடு வேலைக்கு வைக்கும் ஆட்களெல்லாம் கிழவரின் பிடிவாதத்துக்கு முன்னால் நிற்க முடியாமல் ஓடிவிடுகிறார்கள். மகன் கடைசியில் ஒரு யந்திர மனிதனைக் கொண்டுவந்து விடுகிறான். முதலில் அதைக் கண்டாலே எரிந்து விழும் கிழவர், நாளடைவில் அதைச் சொந்தப் பிள்ளை போல் பாவிக்கத் தொடங்குகிறார். வேடிக்கையும் வேதனையும் கலந்த படம். தகப்பனாராக நடித்த ஸுராஜ் வெஞ்ஞாறமூடுக்குக் கேரள அரசாங்கத்தின் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. 2022-இல் கே. எஸ். ரவிக்குமார் தகப்பனாராக நடித்து “கூகுள் குட்டப்பா” என்று தமிழிலும் வந்தது.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. அமெரிக்காவில் எஜமானர் சாகப் போகிறார், நாய் அனாதையாகப் போகிறது, உலகமே காலி. கேரளத்தில் உலகம் அப்படியே இருக்கிறது. அக்கம் பக்கத்தார் இருக்கிறார்கள், டீக்கடை இருக்கிறது, கோயில் இருக்கிறது. ஆனாலும் கிழவருக்குத் துணை இல்லை. பிரளயம் அவர் வீட்டுக்குள் மட்டும் நடந்து முடிந்திருக்கிறது. மகன் கெட்டவன் அல்ல, உத்தியோகத்துக்குப் போனவன். கம்பத்திலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் டெலிபோன் வரக் காத்திருக்கும் பெரியவர்களை நாம் அறிவோம். அவர்கள் வீட்டுப் படம் இது.

ஜப்பானில் இது சினிமா அல்ல, நடைமுறை. ஸோனி கம்பெனியார் 1999-இல் ‘ஐபோ’ என்ற யந்திர நாயை விற்க ஆரம்பித்தார்கள். 2006-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2014-இல் பழுது பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். பழுதான நாய்களை அவற்றின் சொந்தக்காரர்களுக்குக் குப்பையில் போட மனம் வரவில்லை. சீபா என்னும் பிரதேசத்திலுள்ள ஒரு பௌத்த ஆலயத்தில் வரிசையாக வைத்து, குருக்கள் மந்திரம் சொல்ல, அந்திமக் கிரியை நடத்தினார்கள். சிரிக்கத் தோன்றுகிறதல்லவா? நம் பக்கத்தில் ஆயுத பூஜை தினத்தன்று மோட்டார் வண்டிக்கும் தையல் யந்திரத்துக்கும் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டுகிறோம் என்பதை நினைத்துக்கொண்டு சிரிப்பது நலம்.

இப்போது “ஃபின்ச்” படத்தின் உயிர்நிலைக்கு வருகிறோம். அந்த யந்திரம் உயிர் பெற்றதும் செய்கிற முதல் காரியம் கீழே விழுவது. நடக்கத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்கள் மூளைக்குள் இருக்கின்றன. அடுத்த அடியை எங்கே வைப்பது என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. ஃபின்ச் பொறுமையிழந்து கத்துகிறார். அது குழந்தையைப் போல் ஓயாமல் கேள்வி கேட்கிறது. பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னால் சரித்திர புருஷர்களின் பெயர்களை முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் ‘ஜெஃப்’ என்று சாதாரணமாக ஒரு பெயரில் வந்து நிற்கிறது. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறது. ஒத்தாசை செய்வதாக எண்ணித் தானாகவே ஒரு காரியத்தில் இறங்கி, பாவம், அந்தச் சின்ன டூயியைப் பலி கொடுத்துவிடுகிறது. இந்த யந்திரத்தின் உடையை மாட்டிக்கொண்டு நடித்தவர் காலெப் லாண்ட்ரி ஜோன்ஸ் என்ற நடிகர். படப்பிடிப்புக்குப் பிறகு அவர் மேல் யந்திர உருவத்தைப் பூசிவிட்டார்கள். அந்தத் தடுமாற்ற நடை மனித நடை. அதனால்தான் மனத்தில் ஒட்டுகிறது.

நாய் மட்டும் ஒட்டவில்லை. பந்தை எறிந்தால் எடுத்து வருவது அதற்குப் பிடித்த விளையாட்டு. ஃபின்ச் எறிந்தால் ஓடுகிறது. ஜெஃப் எறிந்தால் பேசாமல் பார்க்கிறது. நாயைக் காக்க வேண்டும் என்ற விதி யந்திரத்தின் மூளையில் ஏறியிருக்கிறதே தவிர, யந்திரம் தன்னைக் காக்கலாம் என்ற அனுமதி நாயின் மூளையில் ஏறவில்லை. அதை யாரும் ஏற்றவும் முடியாது. இந்த ஒரு பந்தை வைத்துக்கொண்டு படம் முழுவதையும் நகர்த்தியிருக்கிறார்கள். வெடியும் புகையும் கொண்டு நூறு படங்கள் சொல்லாத விஷயத்தை ஒரு பந்து சொல்கிறது.

இந்த இடத்தில்தான் நமக்குக் கம்பத்து மாட்டுத் தொழு ஞாபகம் வந்தது. கம்பம் நகரில் நந்தகோபாலன் கோயில் என்று ஒன்று உண்டு. ‘தம்பிரான் மாட்டுத் தொழு’ என்று பெயர். மாடுகளே அங்கே தெய்வம். நேர்ந்துகொண்ட கன்றுகளை ஜனங்கள் கொண்டுவந்து விடுகிறார்கள். மாட்டுப் பொங்கலன்று அந்தக் கூட்டத்தில் நுழைந்து வெளியே வருவது சாமானியமான காரியம் அல்ல. ஊருக்கு வெளியே, மேகமலை அடிவாரத்தில் மேயும் மலைமாடுகள் வேறு. அவற்றுக்குக் கட்டுத்தறி கிடையாது, மூக்கணாங்கயிறு கிடையாது. கூட்டத்தை நடத்துவது மேய்ப்பவனுடைய குரல் ஒன்றுதான். அந்தக் குரல் ஒரு நாளில் வருவதல்ல. தகப்பன் முன்னே நடக்க, பையன் பின்னே நடந்து, எந்த மாடு முன்கோபி, எது பள்ளத்தில் இறங்கத் தயங்கும், எது கன்றை ஒளித்து வைக்கும் என்பதையெல்லாம் பல வருஷம் பார்த்துப் பழகுகிறான். மாடும் பையனைப் பார்த்துப் பழகுகிறது. தகப்பன் காலமான பிறகு பையன் குரல் கொடுத்தால் கூட்டம் திரும்புகிறது.

அந்தத் தொடர்ச்சிக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. மேகமலைக் காடு 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்ப்பதற்குத் தடை விதித்தது. பிறகு தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அந்தத் தடையைச் சுருக்கியது. காட்டையும் புலியையும் காப்பாற்ற வேண்டியதுதான். அதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் காட்டையே நம்பியிருந்த மலைமாடு எங்கே போகும்? மேய்ப்பவனுடைய பிள்ளையும் பள்ளிக்கூடத்துக்குப் போய், திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட்டான். அவன் போனது தப்பு என்று சொல்ல நமக்கு வாய் வராது. வெயிலிலும் அட்டைக் கடியிலும் நாமா நடக்கப் போகிறோம்? இருந்தாலும் வயதான மாட்டுக்காரர் ஒருவர் தொழுவின் படலைச் சாத்தும்போது, ஃபின்ச் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறார். ‘எனக்குப் பிறகு யார்?’

யந்திர மனிதன் ஒருவனைச் செய்து மேகமலைக்கு அனுப்பலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். செய்யட்டும். காப்பகங்களில் மிருகங்களின் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி அவை போகுமிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லையா? ஆனால் மாடு எங்கே இருக்கிறது என்று தெரிவது ஒன்று. கூப்பிட்டால் மாடு வருவது வேறொன்று. ஜெஃப் கையில் பந்து இருந்தும் நாய் அசையாமல் உட்கார்ந்திருந்ததே, அந்தத் தூரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

படத்தில் அந்தத் தூரத்தைக் கடக்கிறார்கள். எப்படி என்பதைச் சொல்லி நேயர்களின் ரசனையைக் கெடுக்க விரும்பவில்லை. புஸ்தக அறிவினால் அல்ல என்று மட்டும் சொல்லலாம். வழியெல்லாம் ஃபின்ச் தம் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக யந்திரத்துக்குச் சொல்லி வருகிறார். உலகம் அழிந்த புதிதில், உணவுக்காக மனிதர்களே மனிதர்களைக் கொன்றதை அவர் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறார். தடுக்கத் தைரியம் வரவில்லை. இந்த நாய் அன்று அங்கிருந்து குட்டியாக அவர் கைக்கு வந்தது. அதிலிருந்து எந்த மனித முகத்தையும் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டார். நாயைக் காக்க மனிதர் ஒருவரைத் தேடாமல் யந்திரத்தைச் செய்ததன் காரணம் அப்போதுதான் நமக்கு விளங்குகிறது. யந்திரமோ இதையெல்லாம் கேட்டுவிட்டு, மனிதர்களைத் தேடிப் போகவே விரும்புகிறது. செய்தவரிடம் இல்லாத நம்பிக்கை செய்யப்பட்டதனிடம் எங்கிருந்து வந்தது? படம் இதற்கு விடை சொல்வதில்லை. நமக்கும் தெரியவில்லை. ஆனால் பயந்த தகப்பனுக்குத் துணிந்த பிள்ளை பிறப்பதை ஊரில் பார்த்திருக்கிறோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. நடுப்பகுதியில் வண்டியைத் துரத்தி வரும் ஒரு மோட்டாருக்காக வெகு நேரம் செலவிட்டிருக்கிறார்கள். துரத்துகிறவர்கள் யார் என்பது தெரியாமலே அந்தச் சங்கதி முடிந்து போகிறது. யந்திரத்தின் பேச்சு சில இடங்களில் குழந்தைத்தனம் மிஞ்சித் திகட்டுகிறது. ஒரே நடிகரின் முகத்தை நம்பிய படமாதலால் வேகம் வேண்டுகிறவர்களுக்குக் கொட்டாவி வரலாம். “ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்” காட்டும் டீக்கடைச் சிரிப்பு இங்கே இல்லை. தமிழில் இப்படி ஒரு கதையை எடுக்கத் துணிகிறவர்கள் சுருளி அருவிக்கும் வைகை அணைக்கும் இடையில் இடம் பார்க்கலாம். சூரியன் பொசுக்கிய பூமி வேண்டுமானால் சித்திரை மாதத்து ஆண்டிபட்டிக் கணவாய் இருக்கிறது. பச்சை வேண்டுமானால் கூடலூர் வயல் இருக்கிறது. செட்டுக்காகச் செலவே இல்லை.

வீட்டில் குழந்தைகளோடு பார்க்கலாமா என்று கேட்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஃபின்ச்சுக்கு வியாதி என்பது முதலிலேயே தெரிந்துவிடுவதால் குழந்தைகள் அழுவார்கள், அழட்டும். ஸான் பிரான்ஸிஸ்கோவின் பெரிய தொங்கு பாலத்தில் வழிப்போக்கர்கள் ஒட்டிவிட்டுப் போன காகிதங்கள் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். நாய்க்கு ஒன்றும் ஆவதில்லை.